டெர்மினலில் பாட்டு வரி தேடும் கருவியை நீங்களே அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாட்டு வரி வேண்டுமென்று பிரவுசரைத் திறந்தால் விளம்பரங்களை மூடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. இதே வேலையை டெர்மினலில், அதாவது கட்டளை அடித்து வேலை வாங்கும் ஜன்னலில், நாலைந்து சின்னக் கருவிகளைக் கோத்துச் செய்துவிடலாம். பாட்டின் பெயரைக் கொடுத்தால் வரிகள் வரும், இருந்தால் எந்த வரி எந்த நேரத்தில் வரும் என்ற நேரக் குறியோடும் வரும். பாட்டு ஃபைலுக்குப் பக்கத்திலேயே சேமித்து வைத்துக்கொண்டால், அப்புறம் நெட் இல்லாதபோதும் ‘இந்த வரி எந்தப் பாட்டில் வருது’ என்று உங்கள் தொகுப்புக்குள்ளேயே தேடலாம்.

புதிதாக இதைச் செய்கிறவர்கள் கட்டளையில் தடுமாறுவது குறைவு, வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே முழு ஃபோல்டருக்கும் ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிடுவார்கள். சில பாட்டுக்குத் தெலுங்கு வரி, சில பாட்டுக்கு வெற்று ஃபைல் என்று வந்து நிற்கும், உடனே ‘இது தமிழுக்குச் சரிப்படாது’ என்று விட்டுவிடுவார்கள். சரிப்படும். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையில் கடைசிவரை போய்விட்டு, அதன் பிறகு மொத்தத் தொகுப்பில் கை வையுங்கள்.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ஆப்ஷன்களுக்கு ஓரெழுத்துச் சுருக்கம் உண்டு என்றாலும் இங்கே முழுப் பெயரையே சொல்கிறேன், ஏனென்றால் கர்லில் சிறிய எஸ் ஒன்று, பெரிய எஸ் வேறொன்று. பழகாதவர்கள் வழுக்குகிற இடம் அது.

1. முதலில் நிறுவ வேண்டியவை

நான்கு கருவிகள் போதும். சர்வரிடம் கேட்பதற்கு கர்ல். சர்வர் பதிலை ஜேசன் என்ற தகவல் வடிவில் தரும், அதைப் பிரித்தெடுக்க ஜேக்யூ. பாட்டு ஃபைலுக்குள் இருக்கும் தகவலைப் படிக்க எஃப்எஃப்ப்ரோப், இது எஃப்எஃப்எம்பெக் பேக்கேஜோடு சேர்ந்தே வரும், தனியாகத் தேடாதீர்கள். சேமித்த பிறகு தேடுவதற்கு கிரெப்.

உபுண்டு, டெபியனில் ஆப்ட் வழியாகவும், மேக்கில் ஹோம்ப்ரூ வழியாகவும், ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸின் பிகேஜி வழியாகவும் இவை எல்லாமே கிடைக்கும். மேக்கில் ஏற்கெனவே இருக்கும் கிரெப் வேறு வகை. ஐந்தாவது படியில் மொழி பார்க்கும் இடத்தில் வரும் ஒரு ஆப்ஷன் அதில் வேலை செய்யாது, அதனால் ஹோம்ப்ரூவில் குனூ கிரெப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். அது ஜிகிரெப் என்ற பெயரில் வந்து உட்காரும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு அதற்குள் செய்வது நல்லது. பவர்ஷெல் 5.1 பதிப்பில் கர்ல் என்று அடித்தால் உண்மையான கர்ல் ஓடாது, இன்வோக்-வெப்ரெக்வெஸ்ட் என்ற வேறொரு கட்டளைக்கு அது மாற்றுப்பெயர். கீழே சொல்லும் ஆப்ஷன் ஒவ்வொன்றுக்கும் அது பிழை காட்டும், நாம் எதையோ தப்பாக அடித்துவிட்டோம் என்றுதான் தோன்றும்.

டெர்மினலில் தமிழ் உடைந்து தெரிகிறதா? அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் வைக்கும் பழக்கம் டெர்மினல்களுக்கு, அதனால் ‘கொ’ மாதிரி எழுத்துகளில் கொம்பும் காலும் தனித்தனியாகப் போய் நிற்கும். காட்டுவதில் உள்ள குறைதான் இது, உள்ளே உள்ள எழுத்து சரியாகவே இருக்கும். சந்தேகம் வந்தால் ஃபைலில் எழுதி ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். அங்கேயும் உடைந்திருந்தால் மட்டுமே அது கவலைப்பட வேண்டிய விஷயம்.

2. வரியை எங்கிருந்து எடுக்கிறோம்

எல்ஆர்சிலிப் என்ற திறந்த சேவையைப் பயன்படுத்துகிறோம், முகவரி எல்ஆர்சிலிப் டாட் நெட். கணக்குத் திறக்க வேண்டாம், ஏபிஐ சாவி, அதாவது சேவையைப் பயன்படுத்தத் தரும் தனி அடையாளக் குறியீடு, வாங்க வேண்டாம். பயனர்கள் சேர்த்த வரிகள்தான் அதில் இருக்கின்றன, வெறும் வரிகளாகவும் நேரக் குறியோடும். சாவி இல்லாத சேவையாக இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. சாவி வாங்கும் படியிலேயே நின்றுபோகிறவர்கள் நிறையப் பேர், வாங்கினவர்களும் அந்தச் சாவியை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி அதை நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சேவை ஒரே ஒரு மரியாதையை எதிர்பார்க்கிறது: கேட்கும்போது யூசர்-ஏஜென்ட் தலைப்பில் உங்கள் கருவியின் பெயர், பதிப்பு எண், அதன் பக்கம் ஏதாவது இருந்தால் அந்த முகவரி ஆகியவற்றைச் சொல்லிக் கேளுங்கள் என்பது. கட்டாயமில்லை, ஆனாலும் செய்யுங்கள். இலவசமாக நடத்துகிறவர்களுக்கு யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிவது உதவி.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். இந்தச் சேவையின் தேடல் பாட்டின் தலைப்பு, பாடியவர், ஆல்பம் ஆகிய மூன்றில்தான் தேடும், வரிகளுக்குள் தேடாது. பாட்டின் நடுவில் வரும் ஒரு வரியைக் கொடுத்துவிட்டு எதுவும் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வரிக்குள் தேடுவது பத்தாவது படியில், உங்கள் சொந்தத் தொகுப்பில்.

3. பாட்டின் டேகைச் சுத்தம் செய்யுங்கள்

எல்லோரும் தாவிச் செல்லும் படி இதுதான், பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இதைத் தாவியதால் வருவது. டேக் என்பது ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும் தலைப்பு, பாடியவர், ஆல்பம் போன்ற தகவல். முதலில் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்:

எஃப்எஃப்ப்ரோப் -வி எரர் -ஷோ_ஃபார்மட் -ஷோ_ஸ்ட்ரீம்ஸ் -ஆஃப் ஜேசன் "பாட்டு.எம்பி3"

எஃப்எஃப்ப்ரோப்புக்கு மட்டும் முழுப் பெயர் ஆப்ஷன்களுக்கும் ஒற்றைக் கோடுதான். ஃபார்மட், ஸ்ட்ரீம் இரண்டையும் கேட்கச் சொல்வதற்குக் காரணம், எம்பி3யில் தலைப்பும் ஆல்பமும் ஃபார்மட் பகுதியில் இருக்கும், ஆக், ஓபஸ் ஃபைல்களில் அதே தகவல் ஸ்ட்ரீம் பகுதியில் இருக்கும். ஒன்றை மட்டும் கேட்டால் பாதிப் பாட்டுக்கு ‘டேக் இல்லை’ என்று தவறாக முடிவுக்கு வருவீர்கள்.

வந்த பதிலில் கவனிக்க வேண்டியவை: தலைப்போடு ஏதாவது வலைத்தளத்தின் பெயர் ஒட்டியிருக்கிறதா? தலைப்புக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘இந்தப் படத்திலிருந்து’ என்ற பொருளில் ஆங்கில ஒட்டு இருக்கிறதா? ஆல்பத்தின் பெயரில் ‘ஒரிஜினல் மோஷன் பிக்சர் சவுண்ட்ட்ராக்’ என்ற வால் இருக்கிறதா? பாடியவர் இடத்தில் இசையமைப்பாளரும் மூன்று பாடகர்களும் காற்புள்ளி போட்டு வரிசையாக நிற்கிறார்களா? எல்லாமே தேடலைக் கெடுக்கும்.

தலைப்பு பாதியில் அறுந்து நிற்பதையும் பார்ப்பீர்கள். எம்பி3யின் பழைய டேக் வடிவமான ஐடி3 பதிப்பு 1இல் தலைப்புக்கு 30 எழுத்து இடம்தான். ‘கண்ணே கலங்காதே’ அளவுக்குச் சின்னத் தலைப்பென்றால் ஆங்கில எழுத்தில் தப்பித்துவிடும், கொஞ்சம் நீளமானால் கடைசிச் சொல் காணாமல் போகும். அந்த அறுந்த தலைப்பை அப்படியே கொடுத்துத் தேடாதீர்கள், முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்.

திருத்துவதற்கு கிட்3 நல்ல கருவி. பத்துப் பாட்டுக்குள் என்றால் அதன் ஜன்னலிலேயே செய்யலாம், நிறைய என்றால் கிட்3-சிஎல்ஐ. தலைப்பு, முதன்மைப் பாடகர் ஒருவர், படத்தின் பெயர், இந்த மூன்றும் சுத்தமாக இருந்தால் போதும், மற்ற டேகுகளை இப்போது தொட வேண்டாம்.

பாட்டின் நீளத்தையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். எஃப்எஃப்ப்ரோப் அதை 274.36 என்பதுபோல நொடியில் தசமத்தோடு தரும். முழு எண்ணாக்கி 274 என்று வையுங்கள். தலைப்பை விட இந்த எண் நமக்கு முக்கியம், ஏன் என்பது ஐந்தாவது படியில்.

4. முதல் தேடல்

எல்ஆர்சிலிப்பில் கேட்பதற்கு இரண்டு வாசல்கள். ‘ஏபிஐ/கெட்’ என்பது தலைப்பு, பாடியவர், ஆல்பம், நீளம் எல்லாவற்றையும் சரியாகக் கொடுத்தால் ஒரே ஒரு பதில் தரும். ‘ஏபிஐ/சர்ச்’ என்பது தோராயமாகக் கொடுத்தாலும் 20 பதில்கள் வரை தரும். தமிழ்ப் பாட்டுக்கு நான் எப்போதும் சர்ச்சிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். காரணம் ஸ்பெல்லிங். ‘மழை’ என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் ஒருவர் ழ-வுக்கு இசட், ஹெச் போட்டு எழுதுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார், ஐகாரத்துக்கு ஒருவர் ஏ, ஐ இரண்டும் போடுவார், இன்னொருவர் ஐ மட்டும் போடுவார். தலைப்பை அப்படியே எதிர்பார்க்கும் கெட் வாசலில் முதல் முறையே பொருந்துவது அதிர்ஷ்டம்.

கட்டளை இப்படிப் போகும்:

கர்ல் --கெட் --சைலன்ட் --ஷோ-எரர் --ஃபெயில் --யூசர்-ஏஜென்ட் "பாட்டுவரி 0.1" --டேட்டா-யூஆர்எல்என்கோட் "க்யூ=தலைப்பு படத்தின்பெயர்" முகவரி/ஏபிஐ/சர்ச்

ஒவ்வொரு ஆப்ஷனும் எதற்கு என்று தெரிந்தால்தான் பின்னால் பழுது பார்க்க முடியும். கெட் ஆப்ஷன் இல்லாவிட்டால், டேட்டா என்று வந்ததுமே கர்ல் அதைத் தகவல் ஏற்றும் போஸ்ட் கோரிக்கையாக அனுப்பிவிடும், சர்வர் ஏற்காது. சைலன்ட் என்பது டவுன்லோடு அட்டவணையை மறைக்கும், ஆனால் அது பிழைச் செய்தியையும் சேர்த்து மறைத்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் ஷோ-எரர். ஃபெயில் போட்டால், கெட் வாசலில் பாட்டு கிடைக்காமல் சர்வர் 404 சொல்லும்போது கர்ல் 22 என்ற பிழை எண்ணோடு வெளியேறும். அது இல்லாவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்ற ஜேசனையே வெற்றிகரமான பதிலாக எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்கிரிப்ட் மேலே போய்விடும்.

டேட்டா-யூஆர்எல்என்கோட் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு முகவரியிலேயே தலைப்பை நேராக ஒட்டுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. இடைவெளி வந்தாலே முகவரி உடையும். தமிழில் தேடினால் இன்னும் மோசம். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் % போட்ட மூன்று எழுத்தாக மாற வேண்டும். ‘மழை’ என்ற சின்னச் சொல்லே முகவரியில் 27 எழுத்தாக நீளும். கையால் செய்யும் வேலை இல்லை, கர்லிடம் விட்டுவிடுங்கள்.

க்யூவில் எதைப் போடுவது? தலைப்பும் படத்தின் பெயரும் போடுங்கள். பாடகர் பெயரை முதல் முயற்சியில் சேர்க்காதீர்கள், ஒரே பாட்டைச் சிலர் இசையமைப்பாளர் பெயரிலும் சிலர் பாடகர் பெயரிலும் ஏற்றியிருப்பார்கள். ஒன்றும் வரவில்லையென்றால் படத்தின் பெயரையும் எடுத்துவிட்டுத் தலைப்பின் முதல் இரண்டு சொல்லை மட்டும் கொடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் தமிழ் எழுத்தில் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். சொல்லைக் குறைக்கக் குறைக்கப் பதில் கூடும், அப்புறம் சலிப்பது நம் வேலை.

5. வந்தது நம் பாட்டுதானா?

சர்ச் தரும் பதில் ஒரு வரிசை. அதிலிருந்து ஐடி, ட்ராக்நேம், ஆல்பம்நேம், டியூரேஷன் ஆகிய நான்கை மட்டும் ஜேக்யூவால் வரிக்கு ஒன்றாக அச்சிட்டுப் பாருங்கள். இங்கே ஒரு சின்னப் பொறி: அனுப்பும்போது ட்ராக்_நேம் என்று அடிக்கோடு போட்ட பெயர், பதிலில் வருவது ட்ராக்நேம் என்று சேர்த்து எழுதி நடுவில் பெரிய எழுத்து வைத்த பெயர். அடிக்கோட்டுப் பெயரை ஜேக்யூவிடம் கேட்டால் பிழை எதுவும் சொல்லாது, அமைதியாக ‘நல்’, அதாவது ‘ஒன்றுமில்லை’, என்று மட்டும் திருப்பித் தரும்.

இப்போது நீளத்தை வைத்துச் சலியுங்கள். உங்கள் ஃபைல் 274 நொடி என்றால் டியூரேஷன் 272க்கும் 276க்கும் இடையில் உள்ளவற்றை மட்டும் ஜேக்யூவின் செலக்ட் கொண்டு எடுங்கள். எல்ஆர்சிலிப்பின் கெட் வாசலும் இதே ±2 நொடி இடைவெளியைத்தான் வைத்திருக்கிறது. படத்தில் வரும் வடிவம், ஆல்பத்தில் வரும் வடிவம், ரீமிக்ஸ் என்று ஒரே தலைப்பில் நாலு இருக்கும், வரிகள் ஒன்றாக இருந்தாலும் முன்னிசை நீளம் மாறும். நேரக் குறி வைத்த வரியில் அந்த வித்தியாசம் பாட்டு முழுக்க இழுத்துக்கொண்டே வரும்.

நீளம் பொருந்தினால் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். டப்பிங் படங்களின் பாட்டு தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒரே இசைத்தடத்தின் மேல்தான் பாடப்பட்டிருக்கும். நீளம் அச்சாக ஒன்று, இசையமைப்பாளர் ஒன்று, சில படங்களுக்கு ஆல்பத்தின் பெயரும் ஒன்று. தலைப்பின் முதல் சொல் மட்டும் பொதுவாக இருந்தால் போதும், தெலுங்கு வரி வந்து உட்கார்ந்துவிடும். அதனால் வரியை ஒரு தற்காலிக ஃபைலில் வைத்து, அதில் தமிழ் எழுத்து இருக்கிறதா என்று கேளுங்கள்:

கிரெப் --பெர்ல்-ரெஜெக்ஸ்ப் --கவுன்ட் "[அ-ஹ]" தற்காலிகஃபைல்

தமிழ் எழுத்து உள்ள வரிகளின் எண்ணிக்கை வரும். பூஜ்யம் வந்தால் இரண்டில் ஒன்று: வேற்று மொழி வரி, அல்லது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் வரி. இரண்டாவதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பெர்ல்-ரெஜெக்ஸ்ப் ஆப்ஷனை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் ‘அ முதல் ஹ வரை’ என்பதன் பொருள் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து மாறும். லோக்கேல் எனப்படும் அந்த மொழி அமைப்பு யூடிஎஃப்-8ஆக இருக்கிறதா என்பதையும் லோக்கேல் என்று அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடித்த பதிலின் ஐடியை எழுதிவைத்துக்கொண்டால் அடுத்த முறை தேடவே வேண்டாம், ‘ஏபிஐ/கெட்/’ என்பதற்குப் பின்னால் அந்த எண்ணைப் போட்டால் நேராக வரும்.

6. வரியை மட்டும் பிரித்துச் சேமிப்பது

ஒவ்வொரு பதிலிலும் இரண்டு வரிப் பகுதிகள் இருக்கும். சிங்க்ட்லிரிக்ஸ் என்பது நேரக் குறியோடு, ப்ளைன்லிரிக்ஸ் என்பது வெறும் வரி. முதலாவது இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லாவிட்டால் எதுவுமே எழுதாதே என்று ஜேக்யூவிடம் சொல்ல வேண்டும். ‘இல்லாவிட்டால்’ என்பதற்கு ஜேக்யூவில் // என்று போடுவார்கள், ‘எதுவுமே எழுதாதே’ என்பதற்கு எம்ப்டி. இந்தக் கடைசி எம்ப்டியை மறந்தால் வரி இல்லாத பாட்டுக்கெல்லாம் ‘நல்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் உள்ள ஃபைல் உருவாகும். பிளேயரில் பாட்டு ஓடும்போது திரையில் அந்தச் சொல்தான் நிற்கும்.

ஜேக்யூவுக்கு ரா-அவுட்புட் ஆப்ஷனும் கட்டாயம். அது இல்லாமல் எடுத்தால் வரிகள் மேற்கோள் குறிக்குள் ஒரே நீள வரியாக, வரி முடியும் இடமெல்லாம் சாய்கோடும் என் எழுத்துமாக வரும்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் ஒரே விதி: பாட்டின் பெயர் எதுவோ அதே பெயர், பின்னொட்டு மட்டும் எல்ஆர்சி. ‘பாட்டு.எம்பி3’ என்றால் ‘பாட்டு.எல்ஆர்சி’, அதே ஃபோல்டரில். எம்பிவி பிளேயர், ஜெல்லிஃபின் மீடியா சர்வர் போன்றவை இந்தப் பெயர் ஒற்றுமையை வைத்துத்தான் வரியைக் கண்டுபிடிக்கின்றன. எம்பிவி தானாக எடுக்கவில்லையென்றால் சப்-ஃபைல் ஆப்ஷனில் அந்த ஃபைலைக் கொடுங்கள்.

நேரக் குறி [02:14.50] என்ற வடிவில் இருக்கும்: நிமிடம், நொடி, நொடியின் நூறில் ஒரு பங்கு. படிப்பதற்கு மட்டும் வேண்டுமென்றால், எழுத்தைத் தேடி மாற்றும் செட் கட்டளையில் ^\[[0-9:.]*\] என்ற வடிவத்தைக் கொடுத்து அகற்றிக்கொள்ளலாம். ஆனால் சேமித்த ஃபைலில் அகற்றாதீர்கள், திரையில் காட்டும்போது மட்டும் அகற்றுங்கள். போன நேரக் குறியைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

7. இதை ஒரே கட்டளையாக்குவது

ஒரு பாட்டுக்கு எல்லாம் சரியாக வந்த பிறகு இதையெல்லாம் ஒரு பேஷ் ஸ்கிரிப்டில் போட்டு, ஓட அனுமதி கொடுத்து, டெர்மினல் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான பாத்தில் உள்ள ஒரு ஃபோல்டரில் வையுங்கள். ஸ்கிரிப்ட் ஃபைலின் பெயர் ‘பாட்டுவரி’ என்று தமிழிலேயே இருக்கலாம், ஓடும். ஆனால் உள்ளே வேரியபிள் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும், பேஷ் அதில் தமிழை ஏற்காது.

ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயில் அமைப்பைப் போடுங்கள். கர்லின் பதிலை நேராக ஜேக்யூவுக்குள் அனுப்பும்போது (இதைத்தான் பைப் செய்வது என்பார்கள்) பேஷ் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும்தான் பார்க்கும். கர்ல் தோற்று ஒன்றுமே வராமல் போனாலும், வெறுமையைப் பெற்ற ஜேக்யூ ‘சரி’ என்று சொல்லி முடித்துவிடும். பைப்ஃபெயில் இருந்தால் கர்லின் தோல்வி உங்களுக்குத் தெரியவரும்.

வேரியபிள் வரும் இடமெல்லாம் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். பாட்டுப் பெயரில் இடைவெளி இல்லாத தொகுப்பு எங்கே இருக்கிறது?

8. இப்போது ஓடும் பாட்டுக்கு

லினக்ஸில் பிளேயர்சிடிஎல் என்ற கருவி, ஓடிக்கொண்டிருக்கும் பிளேயரிடமிருந்து தலைப்பையும் பாடகரையும் வாங்கித் தரும். அதை ‘பாட்டுவரி’க்குள் கொடுத்துவிட்டால் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒரு கட்டளையில் வரி. நீளத்தை மட்டும் கவனியுங்கள், அது மைக்ரோ நொடியில் வரும், 10 லட்சத்தால் வகுத்தால்தான் நொடி. வகுக்காமல் சலித்தால் ஒரு பதிலும் தேறாது. பிரவுசரில் வீடியோவாக ஓடும் பாட்டுக்குப் பாடகர் இடத்தில் பெரும்பாலும் சேனலின் பெயர் வரும், அங்கே தலைப்பை மட்டும் பயன்படுத்துங்கள்.

9. மொத்த ஃபோல்டருக்கும் ஓடவிடுவது

மொத்தமாக ஓடும் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றாலும் மறுபடி தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து போக வேண்டும். அதற்கு எல்லோரும் எழுதுவது ‘எல்ஆர்சி ஃபைல் ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போ’ என்ற நிபந்தனை. நிபந்தனை சரிதான், ஆனால் பதிலை நேராக எல்ஆர்சி ஃபைலுக்குத் திருப்பிவிட்டிருந்தால் அங்கேதான் ஆபத்து. கட்டளை ஓடத் தொடங்கும் முன்பே பேஷ் வெற்று ஃபைலை உருவாக்கிவிடும். நெட் போய்விட்டால் வெற்று ஃபைல் மிஞ்சும், அடுத்த முறை ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று அந்தப் பாட்டை ஸ்கிரிப்ட் தாண்டிவிடும், அதற்குப் பிறகு அந்தப் பாட்டுக்கு வரி வரவே வராது.

எனவே முதலில் தற்காலிக ஃபைலில் எழுதுங்கள். அது வெறுமையாக இல்லை, தமிழ் எழுத்துச் சோதனையிலும் தேறியது என்றால் மட்டும் எம்வி கொண்டு சரியான பெயருக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே வெற்று ஃபைல்கள் சேர்ந்துவிட்டிருந்தால் ஃபைண்டில் எம்ப்டி ஆப்ஷன் போட்டுத் தேடி நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் ஸ்லீப் 1 போடுங்கள். ஆயிரம் பாட்டென்றால் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும். இலவசச் சேவையை மூச்சுவிடாமல் தட்டுவது நியாயமில்லை. கிடைக்காத பாட்டின் பெயரை மட்டும் தனி ஃபைலில் சேர்த்துக்கொண்டே போங்கள், கடைசிப் படிக்கு அது தேவை.

10. உங்கள் தொகுப்புக்குள் வரியைத் தேடுவது

இவ்வளவு வேலையும் இதற்காகத்தான். ‘மழை’ என்று வரும் வரிகள் எந்தெந்தப் பாட்டில் இருக்கின்றன?

கிரெப் --ரிகர்சிவ் --லைன்-நம்பர் --கான்டெக்ஸ்ட்=1 --இன்க்லூட்="*.எல்ஆர்சி" "மழை" பாட்டுஃபோல்டர்

முன்னும் பின்னும் ஒரு வரியோடு வரும். பாட்டின் பெயர் மட்டும் போதுமென்றால் ஃபைல்ஸ்-வித்-மேட்சஸ்.

தேடும் சொல்லைச் சுருக்கமாக வையுங்கள். ‘மழை’ பாட்டில் மழையே, மழையில், மழைத்துளி என்று ஒட்டித்தான் வரும், அதனால் முழுச்சொல் ஆப்ஷனைப் போட்டால் பாதி வரிகள் விட்டுப்போகும். ‘மரம்’ தேட வேண்டுமென்றால் ‘மர’ என்று கொடுங்கள், ‘மரத்தில்’ என்ற இடத்தில் மகர மெய் கிடையாது. நடுவில் எழுத்து நினைவில்லையென்றால் ஒற்றைப் புள்ளியை நம்பாதீர்கள், நம் கண்ணுக்கு ‘கி’ ஓரெழுத்து, கிரெப்புக்கு அது க-வும் கொக்கியுமாக இரண்டு. புள்ளியோடு நட்சத்திரமும் சேர்த்து .* என்று போடுங்கள்.

கண் முன்னால் வரி இருக்கிறது, கிரெப் இல்லை என்கிறது. இந்த நிலைக்கு எல்லோரும் ஒருநாள் வருவார்கள். ‘சொல்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக. திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டில் வேறு. ஓகாரம், ஔகாரத்துக்கும் இதே கதை. பழைய மாற்றிகள் வழியாக வந்த வரிகளில் பிரிந்த வடிவத்தை நிறையப் பார்க்கலாம். தீர்வு, சேமிக்கும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியீடாகச் சேர்த்த வடிவத்துக்கு, மாற்றிவிடுவது. உபுண்டுவில் ஐசியு-டெவ்டூல்ஸ் பேக்கேஜில் வரும் யூகான்வ் இதைச் செய்யும், பைத்தானின் யூனிகோடுடேட்டாவும் செய்யும். ஒன்பதாவது படியின் ஸ்கிரிப்டில், எம்வி செய்வதற்கு முன்னால் இதைச் செருகுங்கள்.

என்எஃப்சியால் சரியாகாதவையும் உண்டு. ‘ஸ்ரீ’யை ஸகரம் வைத்தும் எழுதுவார்கள், ஶகரம் வைத்தும் எழுதுவார்கள், பார்க்க ஒரே மாதிரி, யூனிகோடுக்கு வேறு வேறு எழுத்து. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தையே தட்டிவைத்திருப்பார்கள். வலைப்பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டியதில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். இந்த மூன்றையும் செட் கொண்டு தனியாக மாற்றிவிட வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. நெடுங்காலத் தொகுப்பு வைத்திருப்பவர்கள் இதற்கென்று சின்ன ஸ்கிரிப்டை எழுதி வைத்துக்கொண்டால், புதிய வரிகள் சேரும்போதெல்லாம் ஓடவிடலாம்.

11. கிடைக்காத பாட்டுகள்

பட்டியலில் மிஞ்சியவற்றை மூன்றாகப் பிரியுங்கள். டேக் தப்பானவை, திருத்திவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். வரியே இல்லாத இசைத்துண்டுகள், இவற்றுக்கு எல்ஆர்சிலிப் பதிலில் இன்ஸ்ட்ருமென்டல் என்ற இடத்தில் ட்ரூ என்றிருக்கும், பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதி இருப்பவை உண்மையிலேயே யாரும் ஏற்றாதவை. பழைய படப் பாடல்களும் பக்திப் பாடல்களும் நாட்டுப்புறப் பாடல்களும்தான் இதில் அதிகம் நிற்கும்.

அவற்றுக்கு நீங்களே கேட்டு எழுதலாம். எழுதும்போது பாடகர் சேர்த்துப் பாடுவதைச் சேர்த்தே எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், ஃபைலுக்கு ஃபைல் மாறினால் தேடல் குழம்பும். நேரக் குறி வைக்கவும் எல்ஆர்சிலிப்பில் ஏற்றவும் எல்ஆர்சிகெட் என்ற செயலி இருக்கிறது, அதே சேவைக்காக எழுதப்பட்டது. ஏற்றும்போது தலைப்பு, ஆல்பம், நீளம் மூன்றையும் மூன்றாவது படியில் சுத்தம் செய்தபடியே கொடுங்கள்.

பாட்டு வரிகளுக்குக் காப்புரிமை உண்டு, இந்தியச் சட்டப்படி எழுதியவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை. சேமித்த எல்ஆர்சி ஃபைல்களை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டை கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் போட்டுப் பொதுவில் பகிர்கிறீர்கள் என்றால், கிட்இக்னோர் ஃபைலில் எல்ஆர்சி பின்னொட்டைச் சேர்த்துவிட்டுப் பகிருங்கள்.